இரண்டு தேன்பெட்டியும் ஒரு பிள்ளையும்

படுவான்கரை
09.09.2001

அன்புத் தங்கச்சி சீதேவிப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது வாசலில் வதனியும் இரண்டு தேன்பெட்டியும் நிற்கும். வாசித்ததும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

இங்கே நடப்பது உனக்குத் தெரியும். இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்கிறார்கள். போன கிழமை ஆச்சிப்பிள்ளையின் மகளைப் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியிலேயே கூட்டிப் போனார்கள். நேற்று எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். எங்களுக்கு இருப்பதே அவள் ஒருத்தி, வயது பதினாறு என்று உன் அத்தான் சொன்னார். "ஒருத்தி எண்டாலும் இதும் ஒரு வீடுதானே ஐயா" என்று சொல்லிவிட்டு எழும்பினார்கள்.

பிள்ளையைச் சும்மா துறையைக் கடக்க விடமாட்டார்கள். அதற்குத்தான் பெட்டிகள். சின்னம்மாவுக்குத் தேன்பெட்டி கொடுத்துவிட்டு மூன்று நாளில் திரும்புவாள் என்று சொல்லிப் பாஸ் எடுத்திருக்கிறோம். அத்தான் பெட்டி வாசல்களைக் கம்பிவலையால் அடைத்து, சாக்குப் போட்டுக் கட்டித் தந்திருக்கிறார். கூட வருகிறவர் அழகரத்தினம் வாத்தியார். உங்கள் கரையிலிருந்து தினமும் இங்கே படிப்பிக்க வருகிறவர். துறையில் இரண்டு பக்கத்தாருக்கும் தெரிந்த முகம். இனி நமது கடிதங்களும் அவர் கையில்தான்.

அவள் திரும்பமாட்டாள். இங்கே கேட்டால் அங்கே காய்ச்சலில் படுத்துவிட்டாள் என்று சொல்வேன். அதனால் அவள் கைப்பட எனக்கு ஒரு வரியும் எழுத வேண்டாம். வழியில் யாராவது பிரித்து அவள் எழுத்தைப் பார்த்தால் வாத்தியாருக்கும் ஆபத்து. நீ எழுது, அது போதும்.

பெட்டியைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை. எட்டு வயதிலிருந்து அதற்குள் கைவிட்டுப் பழகியவள். நீ தூர நின்றுகொள்.

எனக்கு இருப்பதை எல்லாம் உன்னிடம் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா,
இரத்தினம்மா


களுதாவளை
17.09.2001

என் அக்காவுக்கு,

பிள்ளை சுகமாக வந்து சேர்ந்தாள், பயப்படாதே. துறையில் நடந்ததைக் கேட்டால் இந்தக் கவலையிலும் சிரிப்பாய். சோதனையில் நின்ற ஆமிக்காரன் பெட்டியைத் திறக்கச் சொன்னானாம். வதனி பெட்டியைத் தூக்கி அவன் காதுக்குக் கிட்டப் பிடித்தாளாம். உள்ளே இரைகிற சத்தம் கேட்டதும் அவன் பின்னால் பாய்ந்து, "யன்ன, யன்ன" என்று போகச் சொல்லிக் கையைக் காட்டினானாம். வாத்தியார் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

பெட்டிகளை முருங்கைக்குக் கீழே கால் நட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு காலுக்கும் ஒரு சிரட்டை, சிரட்டை நிறையக் கழிவு ஒயில். இவர் உழவு மெசின் திருத்துகிற இடத்தில் வாங்கி வந்து கொடுத்தார். நான் முற்றம் கூட்டும்போது ஒரு ஈர்க்கைப் பெட்டிக்காலில் சாத்திவிட்டேன். அதற்கு என்னைப் பேசுகிறாள்: "சின்னம்மா, ஒரு ஈர்க்குச் சாஞ்சிருந்தாலும் எறும்புக்கு அது பாலம்." உன் வாய் அப்படியே, அக்கா!

யோகநிதியும் அவளும் ஒரே பாயில்தான் படுக்கிறார்கள். என் மகளின் விசயம் உனக்கு எழுதவில்லை. வெற்றிலைத் தோட்டம் இரண்டு முறையும் அழுகிப் போனது, இவருக்கும் நெஞ்சுவருத்தம். வேறு வழியில்லாமல் அவளைச் சவூதிக்கு வீட்டுவேலைக்கு அனுப்ப ஒழுங்கு செய்திருக்கிறோம். பாஸ்போட் வந்துவிட்டது, மெடிக்கலும் முடிந்தது. ஆனால் பிள்ளை நாள் முழுக்க அழுகிறாள். வதனி வந்தபிறகுதான் கொஞ்சம் சோறு இறங்குகிறது. இருபத்துமூன்று வயதுப் பெண்ணைப் பதினாறு வயதுக்காரி தேற்றுகிறாள்.

நீ அழாதே. எங்கள் பிள்ளையாருக்கு முன்னால் நின்று சொல்கிறேன், அவளை என் பிள்ளையிலிருந்து வேறாகப் பார்க்கமாட்டேன்.

உன் தங்கச்சி,
சீதேவி


படுவான்கரை
14.10.2001

அன்புத் தங்கச்சிக்கு,

அவர்கள் வந்தார்கள். காய்ச்சல் என்றேன். இரண்டாம் முறையும் வந்தார்கள். அதையே சொன்னேன். மூன்றாம் முறை வந்தபோது என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உன் அத்தானைப் பதுங்குகுழி வெட்டக் கூட்டிப் போனார்கள். பத்து நாள் கழித்து விட்டார்கள். உள்ளங்கை இரண்டும் உரிந்து போயிருந்தது. நான் எண்ணெய் தடவும்போது சொன்னார்: "கை போனா என்னகா, புள்ள அங்கால நிக்குது."

அந்த ஒரு சொல்லில்தான் வீடு ஓடுகிறது.

இங்கே மிஞ்சிய நாலு பெட்டியையும் நான்தான் பார்க்கிறேன். துறையால் மண்ணெண்ணெய் வரவிடுகிறார்கள் இல்லை, ஒயிலும் இல்லை. சிரட்டைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், வெயிலில் வற்றிவிடுகிறது. ஒருநாள் பின்னேரம் வயல் வட்டையிலிருந்து வந்து பார்க்கிறேன், முசிறு எறும்பு ஏறி ஒரு பெட்டியைத் தின்று முடித்திருந்தது. பூச்சிகள் வாசலில் தலை தலையாகக் கிடந்தன. வதனியிடம் இதைச் சொல்லாதே.

அவளுக்கு ஒன்று மட்டும் சொல்லு. அப்பாவும் அம்மாவும் நல்ல சுகம், அவள் சின்னம்மா சொல்வதைக் கேட்டு நடக்கட்டும். இந்தக் காலம் கடந்ததும் நானே துறைக்கு வந்து கூட்டிப் போவேன்.

அக்கா


களுதாவளை
09.12.2001

என் அக்காவுக்கு,

எழுதச் சுணங்கிவிட்டது, குறை நினைக்காதே. மழை விட்டபாடில்லை. வளவு முழுக்கத் தண்ணீர். யோகநிதியின் பயணம் போன மாதக் கடைசியில் சரிவந்தது. கொழும்புவரை இவர்தான் கொண்டுபோய் ஏற்றிவிட்டார். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

வதனி நல்ல சுகம். படிக்கிறாள். வாத்தியார் வருகிற நேரம் அநேகமாக ரியூசனுக்குப் போயிருப்பாள். உன்னையும் அத்தானையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

தேன்பெட்டி விசயம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு பெட்டியின் கால் கறையான் அரித்துச் சரிந்துவிட்டது. தூக்கிக் கிணற்றடிக் கல்லில் வைத்தோம். அதற்குப் பிறகு பூச்சி நாளுக்கு நாள் குறைகிறது. பொழுதுபடுகிற செக்கல் நேரம் பெட்டி வாசலில் இரண்டு பெரிய தேரை வந்து குந்தியிருக்கின்றன. இவர் தடியால் தட்டிக் கலைப்பார், மறுநாள் அதே இடத்தில் அதே இரண்டும். தேரை பூச்சியைத் தின்னுமா? உப்புத் தூவினால் போகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மற்றப் பெட்டிக்குள் வெள்ளைப் புழு, சிலந்தி நூல் போல ஏதோ கட்டிக் கிடக்கிறது. அதற்கு என்ன செய்கிறது? சுருக்கமாக எழுதி அனுப்பு.

திருவெம்பாவை வருகிறது. உன் பெயரிலும் ஒரு அர்ச்சனை செய்வேன்.

சீதேவி


படுவான்கரை
16.12.2001

தங்கச்சி,

முதலில் தேரை. நீ கேட்டதால் எழுதுகிறேன். அது பெட்டிக்குள் போகாது. வாசலுக்கு முன்னால் குந்தியிருந்து, வருகிற போகிற பூச்சியை நாக்கால் எடுத்துக்கொண்டே இருக்கும். காலையில் பெட்டிக்கு முன்னால் அதன் பீ கறுத்துக் கிடக்கும், குச்சியால் கிளறினால் பூச்சிச் செட்டை மினுங்கும். பெட்டியை முழங்காலுக்கு மேலே உயர்த்தி வை, எட்டாது. கீழே புல் வளரவிடாதே. கிணற்றடி ஈரம் கூடவே கூடாது. உப்புப் போடாதே, அடிக்கவும் வேண்டாம். வாளியால் கவிழ்த்து மூடி எடுத்து வாய்க்காலில் விடு. புழுக் கட்டிய தேன்வதையை வெட்டி எடுத்து எரித்துவிடு.

இப்போது நான் கேட்கிறேன். பெட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோக வதனி எப்படி விட்டாள்?

நான் எழுதிய இவ்வளவும் அவளுக்குத் தெரியும். நான் மறந்ததும் அவளுக்குத் தெரியும். தேரை பூச்சியைத் தின்னுமா என்று, அவள் இருக்கிற வீட்டிலிருந்து எனக்குக் கடிதம் வருகிறது. ரியூசனுக்குப் போனால் திரும்பி வரமாட்டாளா? திரும்பி வந்து முற்றத்தைப் பார்க்கமாட்டாளா?

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மறுகா வாத்தியாரைத் திண்ணமாகக் கேட்டேன்.

"சேர், போன முறை கடிதத்தைக் கொண்டுவந்து தந்தது ஆர்?"

"யோகநிதிதான் வாசல் படலைக்கு வந்தா. முகம் நல்லா வாடியிருந்திச்சு."

"யோகநிதி சவூதிக்குப் போயிட்டா எண்டு தங்கச்சி எழுதியிருக்காவே."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தவர் திரும்பப் போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வதனியைக் கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று கேட்டேன். கார்த்திகை தொடக்கத்தில் என்றார்.

சீதேவி, அவள் எழுதக் கூடாது என்று சொன்னவள் நான்தான். இப்போது சொல்கிறேன், அவள் எழுதட்டும். ஒரு வரி. தன் பெயரை மட்டும் எழுதினாலும் போதும். எவன் பிரித்துப் பார்த்தாலும் பரவாயில்லை.

என் பிள்ளை எங்கே?

அக்கா


களுதாவளை
06.01.2002

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். நீ கோபப்படாமல் கடைசிவரை வாசிக்க வேண்டும்.

பயணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது யோகநிதி அலரி விதை அரைத்துக் குடித்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் கழுவிக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளை எப்படி அனுப்புவேன்? நீயும் ஒரு தாய்தானே, நீயே சொல்லு.

ஏஜென்சிக்காரர் வந்து கதிரையில் குந்திவிட்டார். வாங்கிய காசைத் திருப்பித் தர வேண்டும் அல்லது ஆள் வேண்டும் என்றார். வாங்கியது ஆஸ்பத்திரிக்கும் கூரைக்கும் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து வதனி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "அக்கா தங்கச்சி புள்ளையள், முகம் ஒண்டுதானே. முடிய இழுத்துக் கட்டினா பாஸ்போட் படத்தில இருக்கிற ஆள்தான்" என்றார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இவர்தான் யோசித்துப் பார் என்றார்.

அக்கா, இங்கேயும் பிள்ளைக்குப் பாதுகாப்பில்லை. அந்தக் கிழமைதான் ஆமியின் சுற்றிவளைப்பு. அடையாள அட்டை இல்லாத பிள்ளை என்று அவளை வெயிலில் இருத்தி வைத்தார்கள், ஊர் விதானையார் வந்து சொல்லித்தான் விட்டார்கள். அங்கேயும் ஏலாது, இங்கேயும் ஏலாது. நீ யாருடைய கையும் எட்டக் கூடாது என்றுதானே என்னிடம் தந்தாய்? எவருடைய கையும் எட்டாத இடத்தில்தான் இருக்கிறாள். ரியாதில் நல்ல குடும்பமாம்.

நான் வற்புறுத்தவில்லை. "நான் போறன் சின்னம்மா" என்று அவளாகத்தான் சொன்னாள். அக்காவுக்காகப் போகிறேன் என்று யோகநிதியின் தலையைத் தடவிவிட்டுத்தான் போனாள். இரண்டு வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. விளங்கிக்கொள்.

சீதேவி


படுவான்கரை
13.01.2002

சீதேவிப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். முடியும்வரை கேட்டார். உரிந்து ஆறிய கைகளை விரித்துப் பார்த்தார். எழும்பி வட்டைக்குப் போனவர் பொழுதுபட்டும் வரவில்லை. தேடிப் போனேன். வரம்பில் இருந்தார். "நான் இஞ்ச எல்லாரையும் சந்தேகப்பட்டன். உன்ட தங்கச்சிய மட்டும் சந்தேகப்படல்ல" என்றார். 

இங்கே வந்தவர்கள் என் பிள்ளையைக் கேட்டு வந்தார்கள். முகத்துக்கு நேரே கேட்டார்கள். நான் முகத்துக்கு நேரே பொய் சொன்னேன். நீ கேட்கவுமில்லை.

உன் பிள்ளை அலரி விதை குடித்தாள், சரி. அது எந்த வேலைக்குப் பயந்து? எந்த வீட்டுக்குப் பயந்து? உன் மகள் செத்தாலும் போகமாட்டேன் என்ற இடத்துக்கு என் மகளை அனுப்பியிருக்கிறாய். அதை நல்ல குடும்பம் என்று எனக்கு எழுதுகிறாய்.

இனிச் சொல்வதைக் கேள். அங்கே அவளுக்குப் பெயர் யோகநிதி. வயது இருபத்துமூன்று. தாய் நீ. அவளுக்கு ஒரு வருத்தம் வந்தாலும் உனக்குத்தான் அறிவிப்பார்கள். அவள் செத்தால் வருகிற கடிதத்தில்கூட வதனி என்று இருக்காது. சந்திரவதனி, கோணாமலையின் மகள், என்று எந்தக் கந்தோரில் போய்க் கேட்டாலும் அப்படி ஒரு பிள்ளை நாட்டைவிட்டுப் போகவே இல்லை என்பார்கள். நீ அவளை அனுப்பியது மட்டுமில்லை, தேடவும் முடியாதபடி செய்திருக்கிறாய்.

அந்த வீட்டு விலாசத்தை வாத்தியாரிடம் எழுதிக் கொடு. கொழும்புக்குப் போய் உண்மையைச் சொல்லு. உன் புருசனைப் பொலிஸ் பிடிக்கும் என்றால் பிடிக்கட்டும்.

அதுவரை என்னை அக்கா என்று எழுதாதே.

இரத்தினம்மா


களுதாவளை
21.04.2002

அக்கா,

வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

யுத்தநிறுத்தம் வந்து பங்குனியில் துறை திறந்ததும் நீ வந்தாய். படலையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாய். நான் வீட்டில் இல்லை என்று இவர் சொன்னார். நான் அறைக் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். நீ வெயிலில் நின்ற நேரம் முழுக்க நானும் நின்றேன். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை.

அன்றைக்குத்தான் யோகநிதிக்கு எல்லாம் வெளித்தது. வதனி விருப்பத்தோடு போனாள், உனக்கும் தெரியும் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருந்தோம். உன்னைப் படலையில் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. உனக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள், நீ பஸ் ஏறிவிட்டாய். திரும்பி வந்தவள் என்னைத் தாண்டி நேரே வளவுக்குள் போனாள். மிஞ்சியிருந்த ஒரு பெட்டியைக் கிணற்றடியிலிருந்து தூக்கி, புதுக்கால் நட்டு உயர்த்தி வைத்தாள். அடுத்த நாள் வாத்தியாரையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு ரெயில் ஏறிவிட்டாள்.

வெளிநாட்டு வேலைக் கந்தோரில் அவள் பேசியதை வாத்தியார்தான் வந்து சொன்னார். தன் அடையாள அட்டையை மேசையில் வைத்தாளாம். "யோகநிதி நான்தான் சேர். உங்களுக்கு முன்னுக்கு உயிரோட நிக்கிறன். அப்ப சவூதியில என்ட பேரில வேலை செய்யிற புள்ள ஆரெண்டு கேளுங்க." அவர்கள் முதலில் நம்பவில்லையாம். பைத்தியம் என்று நினைத்தார்களாம். மூன்றாம் நாளும் அதே வாசலில் போய் நின்றிருக்கிறாள்.

இப்போது இவரை விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். ஏஜென்சிக்காரர் ஆள் இல்லை. ஊரில் முகம் காட்ட முடியவில்லை. என் பிள்ளையைக் காப்பாற்றத்தான் இவ்வளவும் செய்தேன். அந்தப் பிள்ளையே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாள். பெற்ற வயிறு எரிகிறது அக்கா. இதை உன்னிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். வேறு ஆரிடம் சொல்வேன்?

வதனியை அந்த வீட்டிலிருந்து தூதரகத்துக்கு எடுத்துவிட்டார்களாம். வந்ததும் நான் வந்து அவள் கையைப் பிடித்துப் பேச வேண்டும். ஒருமுறை வர விடு.

சீதேவி


படுவான்கரை
30.06.2002

சீதேவிப்பிள்ளைக்கு,

வதனி வந்துவிட்டாள். யோகநிதியும் வாத்தியாரும் விமான நிலையத்திலிருந்து கூட்டி வந்தார்கள். துறையில் இறங்கியவளை எனக்கு உடனே மட்டுப்பிடிக்க முடியவில்லை. முடியைக் கட்டையாக வெட்டியிருந்தது. உடம்பில் காயம் இல்லை. வேலை மட்டும்தான் அம்மா, விடிய எழும்பினால் சாமம்வரை வேலை என்றாள்.  அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அத்தான் "வதனி" என்று கூப்பிட்டால் சற்றுச் சுணங்கித்தான் திரும்புகிறாள். யோகநிதி என்றால் இரண்டு பேரும் திரும்புகிறார்கள்.

உன் மகள் இங்கேதான் இருக்கிறாள். நான் இருக்கச் சொல்லவில்லை. போகச் சொல்லவும் மாட்டேன். அவள் உன்னைக் காட்டிக் கொடுத்தாள் என்று எழுதியிருக்கிறாய். தன் தங்கச்சியை மீட்டாள் என்று எழுத உன் கை வரவில்லை.

இதையெல்லாம் எழுத நான் பேனா எடுக்கவில்லை. நேற்று நடந்ததைச் சொல்லத்தான்.

நான் கறிக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வதனி பக்கத்தில் வந்து குந்தினாள். வந்து ஒன்பது நாளில் அன்றுதான் தானாக வாய் திறந்தாள்.

"அம்மா, நீங்கதானே என்னப் போகச் சொல்லி எழுதின?"

எனக்கு விளங்கவில்லை. என்னடி சொல்கிறாய் என்றேன்.

"சின்னம்மா உங்கட கடிதத்தக் கையில வச்சு வாசிச்சா. 'சின்னம்மா சொல்றதக் கேட்டு நட' எண்டு இருந்திச்சு. மறுகா, 'அப்பாவுக்கு இனி உழைக்க ஏலாது, நீ வெளிநாட்டுக்குப் போனாத்தான் நாங்க தப்புவம்' எண்டும் இருந்திச்சு. நான் கடிதத்தக் கேட்டன். எரிக்கச் சொல்லியிருக்காங்க எண்டு அடுப்பில போட்டுட்டா."

முதல் வரி என்னுடையது. அடுத்த வரியை நீ கட்டி என் பெயரில் வாசித்தாய். அவளாகத்தான் சொன்னாள் என்று எனக்கு எழுதினாய். அவளிடம் அம்மாதான் சொன்னாள் என்றாய். தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருந்த ஒரே ஆள் நீ.

ஐந்து மாதம் என் பிள்ளை, பெற்றவளே தன்னை விற்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அந்நிய வீட்டில் பாத்திரம் கழுவியிருக்கிறாள். எனக்கு ஒரு கடிதமும் போடாமல் இருந்தது அதனால்தான். கோபத்தில்.

இரத்தக் கையோடு அவளைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், நான் எழுதவில்லை புள்ள, சத்தியமாக எழுதவில்லை.  "நம்புறன் அம்மா" என்றாள். சொல்லும்போது மீன் சட்டியைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

வர விடு என்று கேட்டிருக்கிறாய். துறையில் இப்போது சோதனை இல்லை. பாஸ் வேண்டாம். அரை மணித்தியாலத்தில் வந்துவிடலாம். நீ வந்தால் மறிக்க இங்கே எவரும் இல்லை, நான் ஒருத்திதான் இருக்கிறேன். நான் மறிக்கிறேன்.

அவள் ஒருநாள் என் முகத்தைப் பார்த்து "நம்புறன் அம்மா" என்று சொல்லட்டும். அன்றைக்கு யோசிப்பேன்.

இரத்தினம்மா